டர்போ காருக்கு சைலன்சர் மாற்றும் முன்

என்னிடம் இருப்பது ஃபோக்ஸ்வாகன் போலோ. ஒரு லிட்டர் டிஎஸ்ஐ, அதாவது டர்போ பெட்ரோல் என்ஜின், மூன்று சிலிண்டர், ஆறு கியர் மேனுவல், 110 பிஎஸ் குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). செகண்ட் ஹேண்டில் வாங்கியது, வாரண்டி முடிந்த வண்டி. ஓட்ட அருமையாக இருக்கும். பள்ளிகொண்டா டோல் தாண்டி ஆறாவது கியரில் போட்டால் ஆம்பூர் வரை அலுங்காமல் போகும். ஆனால் பின்னால் வருகிற சத்தத்தை வைத்து அது டர்போ வண்டி என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று சிலிண்டர் என்ஜினுக்குக் கரகரப்பான ஒரு தனிக் குரல் உண்டு. கம்பெனி சைலன்சர் அதைச் சுத்தமாக அமுக்கிவிடுகிறது. அந்தக் குரல் கொஞ்சம் வெளியே கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

விசாரிக்கத் தொடங்கியதும் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. சத்துவாச்சாரியில் ஒருவர் "மூணு இஞ்ச் பைப் போடு, பறக்கும்" என்றார். காட்பாடியில் ஒருவர் "கேட்-கானைத் தூக்கிடு, பத்து குதிரை கூடும்" என்றார் (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்தான் கேட்-கான்). இன்னொருவர், பைக் மெக்கானிக், "பேக் பிரஷர் போச்சுன்னா டார்க் போயிடும், கை வைக்காதே" என்று பயமுறுத்தினார். பேக் பிரஷர் என்பது வெளியேறும் புகைக்கு எதிராகப் பைப்பில் நிற்கும் அழுத்தம். மூன்று பேரும் நல்ல மனிதர்கள். ஆனால் மூன்று பேரும் வேறு வேறு வண்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். டர்போ இல்லாத காருக்குச் சொல்லப்படும் பாதி விஷயங்கள் டர்போ காருக்குப் பொருந்தாது என்பதைப் புரிந்துகொள்வதற்கே எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

டர்போ இல்லாத என்ஜினில் புகை வெளியேறும் வேகம் முக்கியம். ஒரு சிலிண்டரிலிருந்து போகும் புகையின் ஓட்டம் அடுத்த சிலிண்டரின் புகையை உறிஞ்சி இழுக்க உதவும். பைப் ரொம்ப அகலமானால் அந்த ஓட்டம் சோம்பிப்போய், குறைந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்று) இழுவை குறையும். இதைத்தான் பேக் பிரஷர் வேண்டும் என்று தவறாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வேண்டியது வேகம், அழுத்தம் இல்லை.

டர்போவில் கதை வேறு. புகை முதலில் டர்பைன் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும், அந்தச் சக்கரம்தான் என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்ப வைக்கிறது. டர்பைனுக்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அதைச் சுழற்றுகிறது. அதனால் டர்பைனுக்குப் பின்னால் எவ்வளவு தாராளமாக வழி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அங்கே பேக் பிரஷருக்கு எந்த வேலையும் இல்லை. பைக் மெக்கானிக் சொன்னது இதனால் அடிபட்டுப்போகிறது. அதோடு, சுழலும் டர்பைனே புகையின் துடிப்பை உடைத்துப் பாதி சைலன்சர் வேலையைச் செய்துவிடுகிறது. அதே சைலன்சரை டர்போ இல்லாத வண்டியில் போட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும். டர்போ வண்டியில் அடக்கமாக இருக்கும்.

அப்படியென்றால் பெரிய பைப் போட்டால் பவர் கூடுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இங்கேதான் ஈசியூ, அதாவது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், குறுக்கே வருகிறது. இந்தக் காலத்து டர்போ பெட்ரோல் வண்டிகளில் ஈசியூ கணக்குப் போடுவது டார்க்கை வைத்து. ஆக்சிலரேட்டரை இவ்வளவு மிதித்தால் இவ்வளவு டார்க், அதற்கு இவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) என்று அதனிடம் அட்டவணை இருக்கிறது. நீங்கள் பின்னால் வழியைத் தாராளமாக்கினால் டர்போ சீக்கிரம் சுற்றும். உடனே ஈசியூ வேஸ்ட்கேட் என்ற கதவை இன்னும் கொஞ்சம் திறந்து, உபரிப் புகையை டர்பைனுக்குப் பக்கவாட்டில் விட்டு, பழைய பூஸ்டுக்கே கொண்டுவந்து நிறுத்திவிடும். கைக்கு வருவது அதே 175 நியூட்டன் மீட்டர். ரீமேப் செய்யாத, அதாவது ஈசியூவின் அட்டவணையை மாற்றி எழுதாத வண்டியில் பின்பாதி சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டு "சும்மா பறக்குது" என்று யாராவது சொன்னால், அவர் காதால் ஓட்டுகிறார் என்று அர்த்தம். சத்தம் கூடினால் வேகம் கூடியது போலவே இருக்கும். அதில் தப்பில்லை, ஆனால் அதற்குக் குதிரைத்திறன் கணக்கில் காசு கொடுக்கக் கூடாது.

இது புரிந்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. பவர் என்பது டர்போவிலிருந்து இறங்கும் டவுன்பைப், கேட்-கான், ரீமேப் பக்கம். சத்தம் என்பது அதற்குப் பின்னால், நடுவில் சத்தத்தை அடக்கும் ரெசொனேட்டர், கடைசியில் இருக்கும் சைலன்சர் டப்பாவான மஃப்ளர் பக்கம். இரண்டும் தனித்தனி வியாபாரம். கடைக்காரர்கள் சேர்த்து விற்பார்கள். நாம் பிரித்து வாங்க வேண்டும். என் வண்டியில் சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டது, அதை மாற்றவே முடியாது. இது தெரியாமல் இதே என்ஜினுக்கு "ஹெடர்ஸ்" (மேனிஃபோல்டுக்குப் பதிலாகப் போடும் குழாய்கள்) போட்டுத் தருவதாக விலை சொன்ன கடையும் ஒன்று உண்டு.

சரி, பவர் பக்கம் போகலாமா? போகவில்லை. காரணம் கேட்-கான்.

டவுன்பைப் மாற்றுகிறேன் என்று நம்மூரில் சொன்னால், பெரும்பாலும் கேட்-கானைப் பிடுங்கி வெறும் பைப் வைப்பது என்றுதான் பொருள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடுதான் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடையும் பெருமளவு மாற்றி அனுப்புகிறது. அதைப் பிடுங்கினால் முதலில் தெரிவது நாற்றம். சிக்னலில் நின்றால் பின்னால் ஸ்கூட்டரில் இருப்பவருக்குக் கண் எரியும். இரண்டாவது, கேட்-கானுக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் ஈசியூவுக்குப் புகார் சொல்லி, பி0420 என்ற கோடுடன் செக் என்ஜின் லைட்டை எரியவிடும். அதை ஏமாற்ற சென்சாருக்கு அடியில் ஸ்பேசர் வைப்பார்கள், அல்லது ரீமேப்பில் அந்தப் பரிசோதனையையே அணைப்பார்கள். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய். மூன்றாவது, புகைச் சோதனை. பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதி) முதலான பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஒழுங்காக நடக்கும் சோதனையில் கேட்-கான் இல்லாத வண்டி அதைத் தாண்டுவது கஷ்டம்.

சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்ட பிறகு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், அதோடு மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் செல்லாது. கார்களுக்கான சத்த வரம்பு 2005-லிருந்து 74 டெசிபல். அது வண்டி முழு ஆக்சிலரேட்டரில் கடந்து போகும்போது 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கும் முறை. சைலன்சர் வாய்க்குப் பக்கத்தில் போனை நீட்டி எடுக்கும் எண்ணை இதோடு ஒப்பிட முடியாது. எப்படிப் பார்த்தாலும் வெளிக்கடை சைலன்சர் எதுவும் சட்டத்தின் முன் முழுப் பாதுகாப்பு இல்லை. கம்பெனி சைலன்சர் மட்டும்தான் கேள்வியே இல்லாதது. இதைத் தெரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டில் நிற்கும்போது "கடையில சொன்னாங்க சார்" என்பது எடுபடாது.

எனவே முடிவு இதுதான்: கேட்-கான் வரை எதையும் தொடுவதில்லை. அதற்குப் பின்னால் மட்டும் மாற்றுவது. பவர் வேண்டாம், குரல் போதும்.

அடுத்தது பைப்பின் அகலம். இரண்டு அங்குல பைப்பின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 3.1 சதுர அங்குலம். இரண்டரை அங்குலம் என்றால் 4.9. மூன்று அங்குலம் 7.1. அரை அங்குலம்தானே என்று தோன்றும், ஆனால் இரண்டிலிருந்து இரண்டரைக்குப் போனாலே வழி ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. 110 பிஎஸ் என்ஜினுக்கு இரண்டரையே தாராளம். மூன்று அங்குலம் என்பது இரண்டு லிட்டர் டர்போ, பெரிய ரீமேப் வண்டிகளின் சமாச்சாரம். சின்ன வண்டியில் மூன்று அங்குலத்தைப் போட்டால் பவர் குறையாது, ஆனால் பைப் இடிக்கும், எடை கூடும், சத்தம் கனமாகி அடக்க முடியாமல் போகும். நான் இரண்டேகால் அங்குலத்தில் நின்றேன். அதைவிட முக்கியம் வளைவு எப்படி வளைக்கப்பட்டது என்பது. சாதாரண பெண்டிங் மெஷினில் வளைத்தால் பைப் வளைவில் நசுங்கும். இரண்டரை அங்குலம் என்று சொல்லி வாங்கியது வளைவில் இரண்டாகிவிடும். மேண்ட்ரல் பெண்ட் என்றால் உள்ளே அச்சு வைத்து வளைப்பது, வட்டம் வட்டமாகவே இருக்கும். ரெடிமேடாக அந்த வளைவுகள் கிடைக்கின்றன. அதை வாங்கி வெட்டி வெல்டு செய்வது மேல்.

இப்போது இந்த வேலையிலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட இடத்துக்கு வருகிறேன்: ட்ரோன். ஒரே வேகத்தில் போகும்போது காதுக்குள் அடைத்துக்கொள்ளும் அந்த "ம்ம்ம்" சத்தம்.

காட்பாடி நண்பர் ஒருவர் இதே என்ஜின் உள்ள வண்டிக்கு நடு ரெசொனேட்டரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டிருந்தார். கிரீன் சர்க்கிளில் கிளம்பும்போது கேட்க அவ்வளவு அழகு. வாணியம்பாடி போவதற்குள் எனக்குத் தலைவலி. கிருஷ்ணகிரியில் டீக்கு நிறுத்தியபோது காதில் இன்னும் அந்த ரீங்காரம் இருந்தது. அவர் மனைவி அந்த வண்டியில் பெங்களூரு வருவதில்லை, காட்பாடியிலிருந்து ரயிலில் போய்விடுகிறார். கடையில் நிறுத்திவைத்து ஆக்சிலரேட்டரை முறுக்கிக் காட்டும்போது இது தெரியவே தெரியாது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். மூன்று சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. என் வண்டியில் ஆறாவது கியரில் 100-ஐ ஒட்டிப் போகும்போது முள் 2,000-க்கும் 2,500-க்கும் நடுவில் இருக்கும். 2,200 என்று வைத்தால், நொடிக்கு 55 வெடிப்பு. அதாவது 55 ஹெர்ட்ஸ். நான்கு சிலிண்டர் வண்டியில் அதே ஆர்பிஎம்மில் 73 ஹெர்ட்ஸ். இந்த அடிமட்டச் சத்தத்தை அடக்குவதுதான் கடினம். மஃப்ளருக்குள் அடைக்கும் கண்ணாடிக் கம்பளி கிரீச்சிடும் மேல்சத்தத்தை நன்றாக உறிஞ்சும். 55 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. அதற்கு அறைகள் வேண்டும், ரெசொனேட்டர் வேண்டும். கம்பெனி வைத்திருக்கும் அந்தப் பெரிய டப்பா சும்மா வைத்ததில்லை.

இதற்கு ஒரு வைத்தியமாக, பைப்பின் பக்கவாட்டில் முனை அடைத்த ஒரு கிளைக்குழாயை வெல்டு செய்வதைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். குழாயின் நீளம் அந்தச் சத்தத்தின் அலைநீளத்தில் கால்வாசி இருந்தால், உள்ளே போய்த் திரும்பி வரும் அலை எதிராக வந்து அதை அடித்துவிடும். கணக்குப் போட்டேன். சூடான புகையில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 480 மீட்டர். அதை நான்கால் வகுத்து 55-ஆல் வகுத்தால் 2.2 மீட்டர் வருகிறது. போலோவின் மொத்த நீளமே நான்கு மீட்டருக்குள். ஆக அது நான்கு சிலிண்டர் வண்டியில், 3,000 ஆர்பிஎம்மில் ட்ரோன் வந்தால், 1.2 மீட்டரில் முடியும் வேலை. நமக்கு ஆகாது. அதனால் நடுவில் இருக்கும் கம்பெனி ரெசொனேட்டரை அப்படியே விட்டுவிட்டேன். கடைசி மஃப்ளரை மட்டும் மாற்றினால் போதும். மூன்று சிலிண்டர் டர்போ வைத்திருக்கும் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: நடு ரெசொனேட்டரைத் தொடாதீர்கள்.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம். போனில் சத்தம் அளக்கும் ஆப் போட்டு "முன்பும் 68, இப்போதும் 68, வித்தியாசமே இல்லை" என்பார்கள். அந்த ஆப்கள் பொதுவாக ஏ-வெயிட்டிங் என்ற முறையில் அளக்கும். அது மனிதக் காதின் இயல்பைப் பார்த்து அடிமட்டச் சத்தத்தைக் குறைத்துக் காட்டும். 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் வரை கழித்துவிடும். காதை அடைக்கும் ட்ரோன் எண்ணில் வராமலே போய்விடும். ஆப்பில் சி-வெயிட்டிங் என்று ஒரு வசதி இருந்தால் அதற்கு மாற்றுங்கள், அங்கே ஒரு டெசிபல்கூடக் கழியாது. போன் மைக் சரியான எண் தராது என்றாலும், ஒரே ரோடு, ஒரே வேகம், கண்ணாடி ஏற்றி, ஏசி ஒரே அளவில் வைத்து, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாலாஜாவிலிருந்து வேலூர் வரும் ரோட்டில் இதைச் செய்தேன். மூன்று நான்கு டெசிபல் ஏறியிருந்தது, பெரும்பகுதி 3,500 ஆர்பிஎம்முக்கு மேலே. நான் வேண்டியது அதுவே.

வால்வு வைத்த சைலன்சரும் உண்டு. பட்டனைத் தட்டினால் திறக்கும், தட்டினால் மூடும். யோசனை நல்லதுதான். ஆனால் சூட்டிலும் தூசியிலும் மழைத் தண்ணீரிலும் கிடக்கும் ஒரு தகடு எத்தனை வருடம் ஒழுங்காகத் திரும்பும்? சிக்கிக்கொண்டால் எந்த நிலையில் சிக்கும் என்பது நம் கையில் இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டால் பட்பட்டென்று வெடிக்கவைக்கும் ரீமேப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். எரியாத பெட்ரோலைக் கேட்-கானுக்குள் கொளுத்துகிற வேலை அது.

சத்தத்தைப் பற்றிப் பேசும்போது ஊரையும் நினைக்க வேண்டும். வேலூரில் எங்கே போனாலும் ஐடா ஸ்கடர் சாலை ஒரு தடவையாவது குறுக்கே வரும். சிஎம்சி வாசலில் மாநிலம் மாநிலமாக வந்து நடைபாதையில் காத்திருக்கும் கூட்டம். மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம். 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி பகலில் 50 டெசிபல், இரவில் 40. பஸ் ஹாரனே அதைத் தினமும் மிதித்துப் போகிறது என்பது வேறு விஷயம். பஸ் அடிக்கிறது என்று நாமும் அடிக்க வேண்டுமா? இரண்டாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் கம்பெனி வண்டி போலவே போக வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகவே வைத்தேன்.

இந்த நிபந்தனைகளுக்கு ஏற்ற ரெடிமேட் செட் கிடைக்கவில்லை. கிடைத்தவை எல்லாம் சத்தம் போடுவதற்கென்றே செய்தவை. அதனால் நல்ல மஃப்ளர் ஒன்றை மட்டும் தனியாக வாங்கினேன். உள்ளே ஒரு அறை, அறைக்குப் பின்னால் துளையிட்ட குழாய், அதைச் சுற்றிக் கம்பளி. பைப் வேலையைத் தனியாகக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். யாரிடம்? சொன்னால் சிரிப்பார்கள். கார் கடை எதற்கும் போகவில்லை. ராணிப்பேட்டைக்குப் போனேன்.

வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு ராணிப்பேட்டை என்றால் தோல் தொழிற்சாலை, சிப்காட், பெல் கம்பெனி. அங்கே கெமிக்கல் டேங்குக்கும் குழாய்க்கும் எவர்சில்வர் வெல்டிங் செய்தே வாழ்க்கை ஓட்டிய கை நிறைய இருக்கிறது. ஒரு சின்ன ஷெட்டில் ஆர்கான் வெல்டிங் செய்யும் பாய் ஒருவரை உறவுக்காரர் காட்டிவிட்டார். கார் சைலன்சர் அவர் அதிகம் செய்ததில்லை. நான் பேசி முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, சத்தம் வேணுமா வாணாமா? மொதல்ல அத்த சொல்லு."

"கொஞ்சமா வேணும் பாய்."

"கொஞ்சம்னா அப்போ மஃப்ளரு நீ வாங்கினு வந்தது தான். பைப்பு நான் பாத்துக்கிறேன்."

நான் வாங்கி வந்திருந்த 304 ரக எவர்சில்வர் பைப்பை அவர் கையில் எடுத்ததும் காந்தத்தைக்கூட வைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து ஒரு சொட்டு விட்டு, பேட்டரி வயரைத் தொட்டார். நிறம் சிவக்கவில்லை. "202-வா இருந்தா செவந்துடும்" என்றார். இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று நம்பிவிடக் கூடாது. மலிவான 202-ம் காந்தத்தில் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த சரக்கு அது. சமையல் பாத்திரத்துக்கு ஓடும், சூட்டிலும் ஈரத்திலும் கிடக்கும் சைலன்சருக்குச் சீக்கிரம் துரு காட்டும். காந்தத்தில் ஒட்டுவதெல்லாம் மட்டம் என்பதும் தப்பு. கம்பெனி சைலன்சர்களுக்குப் பரவலாகப் பயன்படும் 409 வகை ஒட்டும், ஆனால் பல வருடம் உழைக்கும்.

வெல்டிங்கில் அவர் கவனித்தது பைப்பின் உட்புறத்தை. இரண்டு முனையையும் டேப்பால் அடைத்து உள்ளேயும் ஆர்கானை விட்டுக்கொண்டுதான் வெல்டு வைத்தார். "உள்ள கேஸ் உடாம வெச்சா வெளிய பளபளன்னு இருக்கும், உள்ளார பொரிஞ்சு பூடும்" என்றார். பொரிந்த இடத்தில்தான் விரிசல் தொடங்கும். கடைகளில் வெல்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க விரும்பினால் வெளியே தெரியும் வானவில் நிறத்தைப் பார்த்து மயங்காமல், டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கறுப்பாகச் சர்க்கரை கொட்டியது போல் இருந்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

அவரிடம் நான் வலியுறுத்தியது ஒன்று: எல்லாவற்றையும் ஒரே துண்டாக வெல்டு செய்துவிடக் கூடாது. 304 சூட்டில் நன்றாகவே நீளும். மூன்று மீட்டர் பைப் சராசரியாக 200 டிகிரி சூடானால் பத்து மில்லிமீட்டர் நீண்டுவிடும். முன்னால் இருக்கும் ஃபிளெக்ஸ் பைப்பும் ஹேங்கர் ரப்பர்களும் அதைத் தாங்க வேண்டும். கடினமான பாலியூரித்தேன் புஷ் போட்டு இறுக்கிக் கட்டினால் பார்க்க கம்பீரமாக இருக்கும், ஆனால் அதிர்வு நேராக பாடிக்கு ஏறும், விரிசல் விழும். கம்பெனி ரப்பரே போதும். கடைசி மஃப்ளருக்கு முன்னால் கேஸ்கெட் வைத்த ஃபிளாஞ்ச் ஒன்று, கழற்றி மாட்ட வசதியாக.

மாட்டிய பிறகு காலி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போகக் கூடாது. போலோவின் பின் ஆக்சில் ஒரு குறுக்குச் சட்டம். பைப் அதன் மேலே வளைந்து போகிறது. ஐந்து பேர் உட்கார்ந்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போதுதான் இடிக்குமா என்று தெரியும். பாய் கடையில் நின்றிருந்த ஆட்களையே ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவில் ஒரு சுற்று வந்தோம். ஒரு இடத்தில் லேசாகத் தட்டியது. இறக்கி, ஹேங்கர் கம்பியைக் கொஞ்சம் வளைத்ததும் சரியாகிவிட்டது. பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் இருக்கும் வெப்பத் தகடுகளைக் கழற்றிப்போட்டுவிட்டு "தேவையில்ல" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மே மாத வேலூர் ரோட்டின் சூடு கீழே, சைலன்சரின் சூடு மேலே. அந்தத் தகடு தேவை. பம்பர் வெட்டுக்கும் சைலன்சர் முனைக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் உருகும்.

கசிவு பார்ப்பது எளிது. வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் தடித்த துணியால் சைலன்சர் வாயைச் சில நொடிகள் அடைக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை காட்டிக்கொடுக்கும். இது அழகுக்காகச் செய்வது இல்லை. வண்டிக்கு அடியில் கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலை கனப்பதுதான் முதல் அறிகுறி.

மஃப்ளரின் அடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். கசிகிறது என்று நினைத்து அதை அடைத்துவிடாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. தொரப்பாடியிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்ட் வரை என்று சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டினால் சைலன்சர் முழுதாகச் சூடாகாது, தண்ணீர் உள்ளேயே தங்கும். அது வடியத்தான் அந்தத் துளை. வாரத்தில் ஒரு நாளாவது ஹைவேயில் கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும். எனக்கு அது ஆற்காடு போய் மக்கன் பேடா வாங்கிவர ஒரு சாக்கு.

செலவு, ரெடிமேட் செட்டுக்குக் கேட்ட விலையில் பாதிக்கும் கீழேதான் ஆனது. அதில் பெரும்பங்கு மஃப்ளருக்கு. பாய் கேட்ட கூலி குறைவு, நான்தான் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன். முதல் நாள் வீட்டு வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்தபோது அப்பா வெளியே வந்து பார்த்தார். "இன்னாடா, மாத்தினேன்னு சொன்ன, அப்படியேதான கீது?" என்றார். ஏமாந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். ஒரு வாரம் கழித்து வாலாஜா பக்கம் லாரியை ஓவர்டேக் செய்ய மூன்றாவது கியரில் 4,500 வரை இழுத்தபோது பக்கத்து சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. சொல்லாமல் விட்டு, பின்னால் விபத்து என்று வந்தால் அவர்கள் தேடும் முதல் காரணம் அதுவாக இருக்கலாம். கம்பளி அடைத்த மஃப்ளர் வருடங்கள் போகப்போக உள்ளே கரைந்து சத்தம் ஏறும். அதனால் பிரித்து மறுபடி அடைக்கக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். கழற்றிய கம்பெனி சைலன்சரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். வண்டியை விற்கும்போதும், ஆர்டிஓ ஆபீசில் யாராவது ஆட்சேபித்தாலும் அதுதான் கைகொடுக்கும். ஈரம் போக உலர்த்தி, ஃபிளாஞ்சில் கொஞ்சம் கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். பரணில் இடமில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கட்டிலுக்கு அடியில் சரியாகப் பொருந்துகிறது.